தன்னார்வலர் பயிற்சி: நான்கு வழிகளில் எது உங்கள் பகுதிக்கு?

உள்ளூர்க்காரர்களையே தன்னார்வலர்களாகப் பயிற்றுவித்து அந்தப் பகுதியின் உடல்நலத்தை மேம்படுத்தலாம் என்று சொன்னால் யாரும் வேண்டாம் என்பதில்லை. கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டுவார்கள். இழுபறி அடுத்த கூட்டத்தில்தான் தொடங்கும். யாரைக் கூப்பிடுவது? எத்தனை நாள் பயிற்சி? பணம் கொடுப்பதா, வேண்டாமா? நூறு பேருக்கு ஒரு நாள் சொல்லிக்கொடுப்பதா, பத்துப் பேருக்கு ஒரு வருஷம் சொல்லிக்கொடுப்பதா? இந்தக் கேள்விகளுக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகின் பல மூலைகளில் பல விதமாகப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். ஒரு சிறு தொண்டு அமைப்போ, குடியிருப்போர் சங்கமோ, சுகாதார நிலையத்தை ஒட்டிய ஒரு குழுவோ இப்போது முடிவெடுக்க வேண்டிய இடத்தில் இருந்தால் உதவட்டும் என்று அந்தப் பதில்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கிறேன்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்ன பாடம் நடத்துகிறோம் என்பதைவிட, யாருக்கு நடத்துகிறோம், நடத்தி முடித்த பிறகு அவர்களுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதுதான் பலனைத் தீர்மானிக்கிறது. ஆனால் மூளையும் பணமும் பெரும்பாலும் செலவாவது பாடப்புத்தகத்துக்கும் பேனருக்கும்தான்.

குறைப் பட்டியலா, கையிருப்புப் பட்டியலா?

எந்த வழியில் போனாலும் முதலில் ஒரு கணக்கெடுப்பு வரும். நமக்குப் பழகியது குறைகளைக் கேட்பது: எத்தனை வீட்டில் கழிப்பறை இல்லை, எத்தனை பேருக்குச் சர்க்கரை, எத்தனை பேர் குடிக்கிறார்கள். இதில் தப்பில்லை, எங்கே நோய் இருக்கிறது என்று தெரியத்தான் வேண்டும். ஆனால் இதை மட்டுமே செய்தால் அந்தப் பகுதியே வெறும் ஓட்டைகளின் தொகுப்பாகத் தெரிய ஆரம்பிக்கும். அங்கே வாழ்கிறவர்களும் வெளியிலிருந்து ஆள் வந்து அடைக்கட்டும் என்று காத்திருக்கப் பழகிவிடுவார்கள். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் கிரெட்ஸ்மன், ஜான் மெக்நைட் இருவரும் 1993-இல் இதைத்தான் எடுத்துச் சொன்னார்கள். என்ன இல்லை என்று எண்ணுவதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று எண்ண வேண்டும் என்பது அவர்கள் வாதம். மனிதர்களின் திறமைகள், சின்னச் சின்னச் சங்கங்கள், நிறுவனங்கள், கூடுகிற இடங்கள், இவற்றுக்கு நடுவே இருக்கும் உறவுகள் எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

கேட்க நன்றாக இருக்கிறது. களத்தில் இறங்கினால், 'உங்கள் பலம் என்ன?' என்று வீடு வீடாகக் கேட்டு யாருக்கும் ஒன்றும் கிடைக்காது. 'பெருசா ஒண்ணும் இல்லீங்க' என்பார்கள். கேள்வி வேறு மாதிரி இருக்க வேண்டும். நடுராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால் முதலில் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள்? மருந்துச் சீட்டில் இருப்பது புரியாவிட்டால் யாரிடம் காட்டுவீர்கள்? ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வரச் சொல்லி யாரைக் கூப்பிடுவீர்கள்? குடித்துவிட்டு வருகிறவரை நிறுத்தி வைத்துத் திட்டும் உரிமை இந்தத் தெருவில் யாருக்கு இருக்கிறது? இப்படிக் கேட்டால் சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். அந்தப் பெயர்கள் சங்கத் தலைவர் கொடுக்கும் 'ஆர்வமுள்ளோர்' பட்டியலில் இல்லாமலே போகலாம். அவர் கொடுக்கும் பட்டியலில் அவருக்கு வேண்டியவர்கள்தானே இருப்பார்கள்?

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. 'உங்களிடமே எல்லாம் இருக்கிறது' என்ற பேச்சு, கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் நழுவுகிறவர்களுக்கு வசதியான பேச்சு. ரத்தப்போக்கு நிற்காத தாய்க்கு அண்டை வீட்டாரின் அன்பு ரத்தம் ஏற்றிவிடாது. அவளைச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்க அந்த அன்பு உதவும். போய்ச் சேருகிற இடத்தில் மருத்துவரும் ரத்தமும் இருக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டே கீழே வரும் நான்கு வழிகளையும் பார்க்க வேண்டும்.

நிறையப் பேர், சின்ன வேலை

முதல் வழி, நிறையப் பேரைத் திரட்டி, குறைந்த நேரம் பயிற்சி கொடுத்து, ஒரே ஒரு வேலையை ஒப்படைப்பது. இதை மட்டமாகப் பேசுகிறவர்கள் உண்டு. சரியான வேலைக்கு இது அபாரமாகப் பலிக்கும்.

நேபாளத்தில் 1988-இல் தொடங்கிய பெண் சுகாதாரத் தன்னார்வலர் திட்டத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்கிற பல வேலைகளில் பேர் பெற்றது, ஆண்டுக்கு இரண்டு முறை குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ கொடுப்பது. தேதி முன்கூட்டியே தெரியும், வேலை ஒரே மாதிரி, சீக்கிரம் முடிந்துவிடும். ஆப்பிரிக்காவில் ஆற்றுக்குருடு நோய்க்கு எதிராக ஐவர்மெக்டின் மாத்திரை கொடுத்த திட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. 1990-களின் பிற்பாதியிலிருந்து, மாத்திரையை யார் கொடுப்பது, எந்த மாதத்தில் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்பதை அந்தந்த ஊரே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள். அறுவடைக் காலத்தில் வந்து மாத்திரை கொடுக்கும் அசட்டுத்தனத்தை ஊர்க்காரர்கள் செய்ய மாட்டார்கள் அல்லவா? வயதும் எடையும் பார்க்காமல் உயரத்தை வைத்தே அளவு தீர்மானிக்கலாம் என்பதால், குறி போட்ட ஒரு கோலே போதுமானதாக இருந்தது. வேலை அந்த அளவுக்கு எளிமையானபோது பயிற்சியும் சுருக்கமாக இருக்க முடிந்தது.

இந்த வழி சறுக்குவது, வேலை தேதியில்லாமல் நீளும்போது. 'விழிப்புணர்வு ஏற்படுத்துங்கள்' என்று சொல்லி நூறு பேருக்குச் சான்றிதழ் கொடுத்து அனுப்பினால், அடுத்த திங்கட்கிழமை அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கே தெரியாது. முகாம் புகைப்படம் மட்டும் மிஞ்சும். தடுப்பூசி நாள், கொசு ஒழிப்பு வாரம், வெள்ளத்துக்குப் பிறகு குளோரின் மாத்திரை என்று தொடக்கமும் முடிவும் உள்ள வேலைகளுக்கு மட்டும் இந்த வழியை வைத்துக்கொள்வது நல்லது.

கொஞ்சப் பேர், ஆழமான பயிற்சி

மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடில் 1970-இல் மருத்துவத் தம்பதி ரஜனிகாந்த் ஆரோலேவும் மேபல் ஆரோலேவும் வேலை தொடங்கினார்கள். படித்த துணைச் செவிலியர்களைக் கிராமங்களில் தங்க வைக்கலாம் என்பது அவர்களுடைய ஆரம்பத் திட்டம். அது சரிப்படவில்லை. வெளியாட்களான அந்த இளம்பெண்களுக்குக் கிராமத்தில் தங்குவது சிரமமாக இருந்தது, ஊர் மக்களுக்கும் அவர்கள் சொல் ஏறவில்லை. அப்புறம்தான் கிராமங்களே தேர்ந்தெடுத்த உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கும் முறை வந்தது. அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பலர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள்.

இந்தக் கதையை எழுத்தறிவில்லாதவர்களும் சாதித்தார்கள் என்ற நெகிழ்ச்சியோடு முடித்துவிடுவார்கள். நமக்கு முடிவெடுக்க உதவுகிற விஷயம் வேறு. அந்தப் பெண்கள் ஒரு முறை பயிற்சி எடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. வாராவாரம் மையத்துக்கு வந்தார்கள், ஆண்டுக்கணக்கில் வந்தார்கள். கடந்த வாரம் எந்த வீட்டில் என்ன பார்த்தோம், என்ன செய்தோம், எங்கே மாட்டிக்கொண்டோம் என்று ஒருவருக்கொருவர் சொன்னார்கள். பாதிப் பாடம் அங்கேதான் நடந்தது. பின்னால் ஒரு மருத்துவமனையும் இருந்தது. அவர்கள் அனுப்பிய நோயாளியை அது திருப்பி அனுப்பவில்லை.

அதே மகாராஷ்டிரத்தின் கட்ச்சிரோலியில் மருத்துவத் தம்பதி அபய் பங், ராணி பங் நடத்திய வேலை இதே வழியின் இன்னொரு உச்சம். பிரசவத்துக்குப் பிறகு வீடு தேடிப்போய்ப் பச்சிளங்குழந்தையைப் பார்க்கக் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். எடை பார்ப்பது, உடம்பு சில்லிடாமல் பார்த்துக்கொள்வது, மூச்சுத் திணறினால் என்ன செய்வது என்று தொடங்கி, ரத்தத்தில் கிருமித் தொற்று என்று தெரிந்தால் ஜென்டாமைசின் ஊசி போடுவதுவரை. 39 கிராமங்களில் இதைச் செய்து, 47 கிராமங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1999-இல் வெளியான முடிவின்படி, மூன்றாம் ஆண்டில் பச்சிளங்குழந்தை இறப்பு சுமார் 62 சதவீதம் குறைந்திருந்தது.

இந்த எண்ணைப் பார்த்து ஆசைப்படுவதற்கு முன்னால் அதன் அடியில் இருப்பதையும் பார்க்க வேண்டும். அந்தப் பெண்களுக்குச் சம்பளம் உண்டு. விடாத மேற்பார்வை உண்டு. மருந்து தீர்ந்துபோகாமல் வந்துகொண்டிருந்தது. அந்த மருத்துவர்களும் அங்கேயே குடியிருந்தார்கள். இதில் ஏதாவது ஒன்றை உங்கள் குழுவால் தர முடியாவிட்டால், ஊசி வரைக்கும் போகும் திட்டத்தைத் தொடாதீர்கள். அரைகுறைத் திறமை கையில் இருப்பது வெறுங்கையைவிட ஆபத்து.

திறமை என்றதும் ஊசியை மட்டும் நினைக்க வேண்டாம். எல்லோரும் எளிது என்று நினைக்கும் பிரஷர் பார்ப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தின் பொத்தானை அழுத்தினால் எண் வந்துவிடும். ஆனால் நடந்து வந்தவரை ஐந்து நிமிஷம் உட்கார வைக்காமல் பார்த்தால் கூடுதலாகக் காட்டும். கை தொங்கிக்கொண்டிருந்தால் கூடும். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் கூடும். சட்டைக் கைக்கு மேலேயே சுற்றினால் எண்ணை நம்ப முடியாது. பேச்சுக் கொடுத்துக்கொண்டே பார்த்தாலும் கூடும், தன்னார்வலர்கள் பேசாமல் இருப்பார்களா? ஒரு பயிற்சி நாள் முழுவதையும் இதற்கே கொடுக்கலாம். ஒருவருக்கொருவர் மாறி மாறிப் பார்க்கட்டும், ஒரே ஆளுக்கு இரண்டு பேர் எடுத்த அளவை ஒப்பிடட்டும், வித்தியாசம் ஏன் வந்தது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். பன்னிரண்டு நோய்களைப் பற்றிய படக்காட்சியைவிட இது அதிகம் நிற்கும்.

ஆளை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பயிற்றுவிப்பது

மூன்றாவது வழியில் தன்னார்வலர் என்று தனியாக ஒருவர் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. உள்ளூர்ப் பெண் ஒருவர் கூட்டத்தை நடத்துவார். மாதம் ஒரு முறை பெண்கள் கூடுவார்கள். தாய்க்கும் சேய்க்கும் வரும் பிரச்சினைகளை அவர்களே பட்டியலிட்டு, எது முக்கியம் என்று தீர்மானித்து, என்ன செய்யலாம் என்று யோசித்து, செய்து, சில மாதம் கழித்துப் பலித்ததா என்று பார்ப்பார்கள். நடத்துகிறவர் மருத்துவம் படித்தவராக இருக்கத் தேவையில்லை. எல்லோரையும் பேச வைக்கத் தெரிந்தவராக இருந்தால் போதும்.

இது பேச்சுக் கச்சேரி போலத் தெரியும். எனக்கும் முதலில் படித்தபோது இவ்வளவு மெல்லிய வேலை உயிரைக் காப்பாற்றுமா என்றுதான் தோன்றியது. நேபாளத்தின் மக்வான்பூரில் நடந்த ஆய்வு 2004-இல் வெளியானது. குழுக்கள் கூடிய இடங்களில் பச்சிளங்குழந்தை இறப்பு 30 சதவீதம் குறைவு. ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் ஏக்ஜுட் அமைப்பு பழங்குடிப் பகுதிகளில் நடத்திய ஆய்வில், 2010-இல் வெளியான முடிவின்படி, மூன்று ஆண்டுகளில் 32 சதவீதம் குறைவு. அங்கே ஏற்கெனவே இருந்த சேமிப்புக் குழுக்களையே பல இடங்களில் கூட்டத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். புதிதாகக் கூடு கட்டாமல் இருக்கிற கூட்டில் உட்காருவது என்பது இதுதான்.

ஆனால் இந்த வழிக்கு ஒரு கண்டிப்பான நிபந்தனை உண்டு. வங்காளதேசத்தில் ஏறக்குறைய 1,400 பேருக்கு ஒரு குழு என்று அமைத்து நடத்தியபோது பலன் தென்படவில்லை. 2010-இல் அந்த முடிவு வெளிவந்தது. பிறகு அதே பகுதிகளில் ஏறக்குறைய 300 பேருக்கு ஒரு குழு என்று நெருக்கமாக்கினார்கள். 2013-இல் வந்த முடிவில் பச்சிளங்குழந்தை இறப்பு 38 சதவீதம் குறைந்திருந்தது. அதே முறை, அதே நாடு. மாறியது குழுக்களின் நெருக்கம். ஏழு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த இன்னொரு கணக்கும் 2013-இல் இதையே சொன்னது. கர்ப்பிணிகளில் குறைந்தது 30 சதவீதம் பேராவது கூட்டத்துக்கு வந்த இடங்களில்தான் பலன் பெரிதாக இருந்தது. அதனால் மாவட்டம் முழுக்க இருபது குழு என்ற திட்டத்தைவிட, இரண்டு கிராமங்களில் இருபது குழு என்ற திட்டம் எவ்வளவோ மேல். நன்கொடையாளர்களுக்கு முதலாவதுதான் பிடிக்கும், வரைபடத்தில் நிறையப் புள்ளி தெரியும்.

இதன் ஒரு கிளையாக 1995-இல் மொசாம்பிக்கில் வேர்ல்டு ரிலீஃப் அமைப்பு ஆரம்பித்த 'கேர் குரூப்' முறையையும் சொல்ல வேண்டும். பத்திலிருந்து பதினைந்து தன்னார்வலர்கள் ஒரு குழு. சம்பளம் வாங்கும் ஒரு பணியாளர் அவர்களைக் கூட்டி ஒவ்வொரு முறையும் ஒரு சின்னப் பாடம் சொல்வார். ஒவ்வொருவரும் தன்னைச் சுற்றியுள்ள பத்துப் பதினைந்து வீடுகளுக்கு மட்டும் அதைக் கொண்டுபோவார். ஒரு ஆளின் பாரம் குறைவு, நடக்கும் தூரம் குறைவு, தெரிந்த வீடுகள். பணம் குறைவான குழுவுக்கு இது நல்ல நடுவழி.

ஏற்கெனவே நம்பப்படுகிறவரிடம் போவது

நான்காவது வழியில் கையிருப்புப் பட்டியல் முழுசாகப் பயன்படுகிறது. மக்களை நம் முகாமுக்கு வரவழைக்காமல், அவர்கள் வழக்கமாகப் போகும் இடத்துக்கே நாம் போவது. அங்கே ஏற்கெனவே அவர்கள் மனம் திறந்து பேசும் ஆளைக் கூட்டாளியாக்கிக்கொள்வது.

லாஸ் ஏஞ்சலஸ் முடிதிருத்தகங்களில் நடந்த ஆய்வு இதற்குப் பிரபலமான எடுத்துக்காட்டு. டாக்டரிடம் போகாத கறுப்பின ஆண்கள் முடிவெட்டப் போவார்கள், அதுவும் ஆண்டுக்கணக்கில் ஒரே ஆளிடம். 52 கடைகள், பிரஷர் அதிகமுள்ள 319 பேர். ஒரு பாதியில் முடிதிருத்துநர்கள் வாடிக்கையாளரிடம் உப்பைக் குறையுங்கள், டாக்டரைப் பாருங்கள் என்று எடுத்துச் சொன்னார்கள். மறு பாதியில் கடைக்கே வரும் மருந்தாளுநரிடம் அனுப்பிவைத்தார்கள். அவர் டாக்டரோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி அங்கேயே மருந்து எழுதினார், அளவை மாற்றினார். 2018-இல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் பிரஷரின் மேல் அளவு (இரண்டு எண்களில் பெரியது) முதல் பாதியில் சுமார் 9 புள்ளி குறைந்தது, இரண்டாவதில் 27 புள்ளி குறைந்தது.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நம்பிக்கைக்குரியவர் பேசினாலே ஏதோ நடக்கிறது என்று ஒருவர் சொல்லலாம். ஆய்வில் சேர்ந்து அளவைப் பார்த்துக்கொண்டதாலேயே கொஞ்சம் குறைந்திருக்கும் என்று இன்னொருவர் சொல்லலாம். எப்படியானாலும் பெரிய பலன் வந்தது நம்பிக்கையும் மருந்தும் ஒரே நாற்காலிக்குப் பக்கத்தில் சந்தித்தபோது. தன்னார்வலரின் வேலை கதவைத் திறப்பது. திறந்த கதவு வழியாக உள்ளே வர ஒருவர் வேண்டும்.

மனநலத்தில் இந்த வழி இன்னும் தூரம் போயிருக்கிறது. ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவர் 2006-இல் ஹராரேயின் ஒரு பகுதியில் 14 பாட்டிமார்களோடு ஆரம்பித்தார். மருத்துவமனைக்குள் இடம் கிடைக்காததால் வெளியே ஒரு மரப்பெஞ்சு போட்டார்கள். 'நட்புப் பெஞ்சு' என்று அது பெயர் பெற்றது. பாட்டி முதலில் கேட்பார். பிரச்சினைகளை வரிசையாகச் சொல்ல வைப்பார். அதில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்வார். இந்த வாரம் அதற்கு என்ன செய்ய முடியும் என்று வந்தவர் வாயாலேயே வரவழைப்பார். அடுத்த வாரம் என்ன ஆயிற்று என்று கேட்பார். மொத்தம் ஆறு அமர்வு. 24 மருத்துவமனைகளில் 573 பேரிடம் நடந்த ஆய்வு 2016-இல் வெளியானது. ஆறு மாதம் கழித்து மனச்சோர்வு அறிகுறி இருந்தவர்கள், வழக்கமான சிகிச்சைப் பிரிவில் பாதிப் பேர், பெஞ்சுப் பிரிவில் ஏழில் ஒருவர்.

பாட்டிகளிடம் ஏற்கெனவே இருந்தது கேட்கும் பொறுமையும், ஊரில் மரியாதையும், எங்கும் போகாமல் அங்கேயே இருப்பதும். பயிற்சி அதன் மேல் ஏற்றியது ஒரு ஒழுங்கு. அறிவுரை சொல்லி முடித்துவிடும் பழக்கத்தை நிறுத்தி, கேள்வி கேட்கும் பழக்கத்தைக் கொடுத்தது. தற்கொலை எண்ணம் தெரிந்தால் யாரிடம் உடனே சொல்ல வேண்டும் என்பதையும் கற்றுக்கொடுத்தது. பலத்தின் மேல் கட்டுவது என்றால் பலத்தை அப்படியே விட்டுவிடுவது என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். மதிப்புள்ளவர் தப்பாகச் சொன்னால் அதுவும் அதே வேகத்தில் பரவும். பயிற்சி அவருக்குத்தான் கூடுதலாகத் தேவை.

இதோடு சேர்த்து ஒரு சின்ன உபாயம். வியட்நாமில் 1990-களின் தொடக்கத்தில் ஜெர்ரி, மோனிக் ஸ்டெர்னின் தம்பதி குழந்தைகளின் சத்துக்குறைவைச் சமாளிக்கப் போனபோது, அதே வறுமையில் நன்றாக வளரும் குழந்தைகள் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று கிராமத்தாரையே தேடச் சொன்னார்கள். அந்த வீடுகளில் வயலில் கிடைக்கும் சின்ன இறாலையும் நண்டையும், கிழங்குக் கொடியின் கீரையையும் குழந்தைக்குக் கொடுத்தார்கள். அது பெரியவர்களுக்கான சாப்பாடு என்று மற்ற வீடுகளில் ஒதுக்கியிருந்தார்கள். ஒரு நாளில் பல முறை கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டவும் செய்தார்கள். விடை ஊருக்குள்ளேயே இருந்தது. வழி எதுவானாலும் முதல் மாதத்தில் இந்தத் தேடலைச் செய்து பார்ப்பதில் நஷ்டமில்லை.

பணம் என்ற சங்கடம்

தன்னார்வலர் என்றால் இலவசம் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் அதிகம். வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம், தன் தெருவுக்குள் என்றால் சரி. டீயும் பேருந்துக் கட்டணமும் மரியாதையும் போதும். அதற்கு மேல் போனால் அது வேலை. ஏழைப் பெண்ணின் நேரத்தை இலவசமாக எடுத்துக்கொண்டு அதற்குச் 'சமூகத்தின் பலம்' என்று பெயர் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். இந்தியாவில் 2005-இல் தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தோடு வந்த ஆஷா என்னும் உள்ளூர்ப் பெண் சுகாதாரப் பணியாளர்கள் இன்றும் பெயரளவில் தன்னார்வலர்கள்தான். செய்த வேலைக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை வாங்கும் அவர்கள், நிலையான ஊதியம் கேட்டுப் பல மாநிலங்களில் தெருவில் இறங்கிப் போராடியிருக்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வேலையின் அளவுக்கும் கடினத்துக்கும் ஏற்ற ஊதியம் கொடுக்கச் சொல்கிறது. முழுக்கவோ பெரும்பகுதியோ 'எண்ணிக்கைக்கு இவ்வளவு' என்ற முறையில் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்கிறது. காரணம் புரிகிறது. எதற்குக் காசு கிடைக்கிறதோ அது மட்டும் நடக்கும், மற்றது விட்டுப்போகும்.

ஆனால் எண்ணிக்கையையே புத்திசாலித்தனமாகப் பயன்படுத்திய ஒரு சம்பவமும் இருக்கிறது. வங்காளதேசத்தின் பிராக் என்ற தொண்டு அமைப்பு 1980 முதல் பத்தாண்டுகள் வீடு வீடாகப் போய், வயிற்றுப்போக்குக்கு வீட்டிலேயே உப்பும் வெல்லமும் கலந்த நீர் தயாரிக்கத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தது. மூன்று விரலில் எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர். ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளை எட்டினார்கள். கற்றுக்கொடுத்த பெண்களுக்கு எத்தனை வீடு போனார்கள் என்று பார்த்துப் பணம் கொடுக்கவில்லை. பிறகு வேறொருவர் சில வீடுகளுக்குப் போய், தாய்க்கு என்னென்ன நினைவிருக்கிறது, சரியாகக் கலக்கிறாரா என்று பார்ப்பார். அதை வைத்துத்தான் பணம். உங்கள் பயிற்சியின் பலனைச் சோதிக்கவும் இதே வழிதான். தன்னார்வலரின் தேர்வு மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். அவர் போய்வந்த வீட்டில் போய்க் கேளுங்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். சீனாவின் 'வெறுங்கால் மருத்துவர்கள்', அதாவது குறுகிய மருத்துவப் பயிற்சி பெற்ற கிராமத்தார், 1960-களின் இறுதியிலிருந்து பெரிதாக வளர்ந்தார்கள். கூட்டுப்பண்ணைகள்தான் அவர்களுக்குக் கூலி கொடுத்தன. 1980-களில் கூட்டுப்பண்ணைகள் கலைந்தபோது அந்த ஏற்பாடும் சரிந்தது. ஒரே நன்கொடையாளரை நம்பி இருபது பேருக்குச் சம்பளம் அறிவிப்பதற்கு முன்னால் இதை யோசிக்க வேண்டும்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

உங்கள் பகுதியின் முதல் பிரச்சினை எந்த மாதிரியானது என்று பாருங்கள். தேதி குறித்து முடிக்கக்கூடிய காரியம் என்றால் முதல் வழி. நிறையப் பேர், அரை நாள் பயிற்சி, வேலை முடிந்ததும் நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். கைத்திறமை வேண்டும், மருத்துவமனை தூரம், உயிர் போகிறது என்றால் இரண்டாவதைத் தவிர வழியில்லை. ஆனால் சம்பளமும் மருந்தும் மேற்பார்வையும் குறைந்தது ஐந்து ஆண்டுக்கு உறுதியானால் மட்டும் தொடுங்கள். பிரசவம், குழந்தை வளர்ப்பு, சுத்தம் மாதிரி வீட்டுக்குள் முடிவாகிற விஷயம், அதுவும் மாமியாரும் கணவனும் சேர்ந்து முடிவெடுக்கிற விஷயம் என்றால் மூன்றாவது. தனியாக ஒரு பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்து அவளை வீட்டோடு மோத விடுவதைவிட, பத்து வீட்டுப் பெண்கள் சேர்ந்து பேசி முடிவெடுப்பது பலமானது. சங்கடமும் வெட்கமும் தனிமையும் கலந்த பிரச்சினை, அல்லது ஆஸ்பத்திரிப் பக்கமே வராத ஆட்கள் என்றால் நான்காவது.

எதுவும் நிச்சயமில்லை, கையில் பணமும் அதிகமில்லை என்று ஒரு சின்னக் குழு என்னிடம் கேட்டால் மூன்றையும் நான்கையும் கலந்து ஆரம்பிக்கச் சொல்வேன். ஏற்கெனவே கூடுகிற ஒரு கூட்டத்தைப் பிடியுங்கள். அதை நடத்த, வீட்டுக் கணக்கெடுப்பில் திரும்பத் திரும்ப வந்த பெயர்களில் ஒருவரைக் கேளுங்கள். பகுதியைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். ஏற்கெனவே எல்லோருக்கும் ஓடுகிற ஆள் அவர், இன்னொரு பாரத்தை ஏற்றினால் இருக்கிற உதவியும் நின்றுவிடும். அப்படிப்பட்டவருக்குப் பக்கத்தில் இன்னொருவரைச் சேர்த்து இரண்டு பேராகப் போட்டால் விடுப்பு எடுக்கவும் வழி இருக்கும், ஒருவர் ஊர் மாறிப்போனாலும் வேலை அறுந்துபோகாது.

பயிற்சியைப் பொறுத்தவரை, தொடர்ச்சியாக ஐந்து நாள் என்பதைவிட மாதத்துக்கு அரை நாள் என்று பத்து மாதம் வைப்பது நல்லது. ஒவ்வொரு முறையும் முதல் ஒரு மணி நேரம் போன மாதம் நடந்ததைப் பேசுவதற்கு. புதுப் பாடம் ஒன்றே ஒன்று. அவர்கள் செய்யக்கூடாதவை என்ன என்பதும் பாடத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்: டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லக்கூடாது, ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் சொல்லக்கூடாது. இரண்டாவது விதி மீறப்பட்டால் அந்தத் தெருவில் உங்கள் திட்டம் அன்றோடு முடிந்தது.

கடைசியாக, அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் தன்னார்வலர் கூப்பிட்டால் எடுக்கக்கூடிய ஒருவரின் தொலைபேசி எண். செவிலியரோ மருந்தாளுநரோ, யாராயினும் சரி. தன்னார்வலர் அனுப்பும் ஆளை வரிசையில் காக்க வைத்துத் திருப்பி அனுப்ப மாட்டேன் என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். அது கிடைக்கும்வரை பயிற்சித் தேதியை அறிவிக்காமல் இருப்பது நல்லது.